ஆளில்லாத வீட்டுல ஆள் நடமாட்டம்

இத எழுதவே வேண்டாம்னுதான் இருந்தேன். எழுதுனா என் வண்டவாளம்லா வெளிய வரும். அதுலயும் போன்ல தமிழ் அடிக்கதுக்குள்ள கட்டவெரலு ஒடிஞ்சிரும். ஆனா ஒரு வாரமா உக்காந்தா எந்திரிக்கணும்போல இருக்கு, எந்திரிச்சா எங்கயாவது போணும்போல இருக்கு, போனா பாதியில திரும்பணும்போல இருக்கு. பத்தாவதையே ரெண்டு தடவ எழுதுனவன், இத ஒரு தடவ எழுதுனா என்ன கொறஞ்சிரப் போவுதுன்னு ஆரம்பிச்சிட்டேன்.

மொதல்ல நான் பாக்குத வேலயச் சொல்லிருதேன். வீட்டுல உள்ள லைட்டு, ஃபேனு, தண்ணி மோட்டாரு, குளிக்கதுக்கு ஹீட்டரு, எல்லாத்தையும் போன்ல இருந்தே போட்டு அமத்துத மாதிரி மாட்டிக் குடுப்பேன். ஐடிஐல ஒரு வருசம் ஒயரிங் படிச்சேன், மிச்சத்த வீடியோ பாத்துப் படிச்சேன். வீடியோக்காரன் பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொல்லல, அதனால நல்லா ஏறுச்சு. தென்காசியில என் கூட்டாளி செல்போன் ரிப்பேர் கட வச்சிருக்கான். அங்கன கெடக்க ஒரு ஸ்டூலுதான் என் ஆபீஸு. எங்க பக்கம் தெருவுக்குப் பத்துப் பேரு வெளிநாட்டுல இருக்கதால நமக்கு வேலைக்குக் கொறவில்ல. உடம்பு துபாய்ல கெடக்கும், மனசு குத்துக்கல்வலசையில கட்டுன வீட்டு மொட்டமாடி டேங்குக்குள்ள கெடக்கும். தண்ணி நெறஞ்சுதா, வாசல் லைட்ட அமத்துனாவளான்னு அங்கன இருந்தே பாத்தாத்தான் அவியளுக்குத் தூக்கம் வரும்.

அப்படி ஒரு முதலாளிக்கு குத்தாலத்துல, ஐந்தருவி போற ரோட்டுல, ஒரு வீடு இருக்கு. கீழ ஹாலும் ரெண்டு ரூம்பும், மேல ரெண்டு ரூம்பு. சீசனுக்கு அவருக்குத் தெரிஞ்ச ஆளுவ மட்டும் வந்து தங்குவாவ. மத்த நாளெல்லாம் பூட்டித்தான் கெடக்கும். போன வருசம் அவரு வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது நான்தான் அதுல எல்லாத்தையும் மாட்டுனேன். வீட்டப் பாத்துக்கிடுதது ஒரு அக்கா. பின்னால ஒத்த ரூம்புல அக்காவும் அவிய மகளும் இருக்காவ. மக பன்னெண்டாவது படிக்கா. வீட்டுச் சாவி அக்கா கையில இருக்க வரைக்கும்தான் அந்த ரூம்பும் அவியளுக்கு.

இந்த வருசம் சாரலோட காத்தும் பேய்க்காத்தா அடிச்சுது. எங்கயாவது ஒரு மரம் லைன் மேல சாயும், கரண்டு போவும். அறுத்துப் போட்டுக் கம்பியக் கட்டுதவரைக்கும் வராது. அப்படி ஒரு வெள்ளிக்கெழம காலையில அக்கா போன் போட்டாவ.

"தம்பி, வெரசா வா. வீட்டுல என்னமோ நடக்கு."

"என்னக்கா, பேயா? கொலுசுச் சத்தம் கேக்கா?"

"பேயா இருந்தா வெளக்கமாத்தாலயே வெரட்டிருவேன். வர்ற ஞாயித்துக்கெழம முதலாளி அவிய மச்சான அனுப்பிச் சாவிய வாங்கப் போறாவளாம். நீ கிண்டலடிக்காம வா."

போனேன். போயி இறங்குனதும் அக்கா மூச்சுவிடாம சொன்னாவ. இந்த மாசத்துல மூணு தடவ ரொம்ப நேரம் கரண்டு போயி வந்திருக்கு. மூணு தடவையும் கரண்டு வந்த கொஞ்ச நேரத்துல துபாய்ல முதலாளி போன்ல மெசேஜ் போயிருக்கு. ஹால் லைட்டு எரியுது. ஃபேன் ஓடுது. ஹீட்டர் ஓடுது. கடைசியா ஒண்ணு, ஹாலில் ஆள் நடமாட்டம். ஹால்ல ஆளு வந்தாக் கண்டுபிடிக்கதுக்குன்னு மூலையில ஒரு குட்டிக் கண்ண நான்தான் ஒட்டி வச்சிருந்தேன். முதலாளி அங்கன இருந்தே எல்லாத்தையும் அமத்திட்டு அக்காவுக்குப் போன் போட்டிருக்காரு. "உள்ள யாரு?" "யாரும் இல்லையே, வீடு பூட்டித்தான கெடக்கு." அக்கா ஓடிப் போயிப் பாத்தா எல்லாம் அமந்து கெடக்கு. அக்காட்ட இருக்கது பட்டன் போனு, படம் எடுத்தும் அனுப்ப முடியாது.

"வாசல்ல கேமரா இருக்குலா, அதப் பாக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"கரண்டு இல்லாதப்ப அது அவிஞ்சில்லா கெடக்கு. அதான் அவிய சொல்லுதாவ. கேமரா தூங்குத நேரம் பாத்து நான் ஆள உள்ள ஏத்துதேனாம். கரண்டு வந்ததும் அந்த ஆளுவ லைட்டப் போட்டு, வெந்நி போட்டுக் குளிக்காவளாம்."

முதலாளி அப்படி நெனச்சதுல ஆச்சரியமே இல்ல. சீசன்ல குத்தாலத்துல ஒரு வீட்டுச் சாவி கையில இருந்தாப் போதும், பொறந்ததுல இருந்து பாக்காத சொந்தமெல்லாம் துண்டும் எண்ணெயுமா வந்து எறங்கிரும். அதுக்குத்தான் அவரு மொத நாளே சொன்னது, சொந்தக்காரன் ஒருத்தனும் உள்ள வரப்படாதுன்னு.

நான் பல்லக் காட்டிக்கிட்டே கேட்டேன். "உண்மையச் சொல்லுங்கக்கா. முதலாளிட்டச் சொல்லமாட்டேன். யாரு வந்தா?"

அக்கா சிரிக்கல. "போன மாசம் என் சொந்த அத்த மகன் பிள்ளைகளோட கோயில்பட்டியில இருந்து வந்து வாசல்ல நின்னான். நல்ல மழ. உள்ள விடலலே நான். லாட்ஜுக்குப் போன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல ஒருத்தரும் எங்கிட்டப் பேசுததில்ல. நான் போயி யார ஏத்தப் போறேன்?"

அப்பமாவது நான் வாயப் பொத்தியிருக்கணும். பொத்தல.

"அப்பம் கொரங்குதான்க்கா. குளிச்சிட்டுப் போயிருக்கும்."

சொல்லிட்டு அதையும் விடல, மேல கீழ எல்லா ஜன்னலையும் பாத்தேன். கம்பி வல சரியா இருந்துச்சு. சுவிட்சு போர்டக் கழத்திப் பாத்தேன். ஈரம் எறங்கியிருக்கோன்னு சுவத்தத் தடவிப் பாத்தேன். படிக்கட்டுல ஏறி எறங்குனதுல முட்டு வலிச்சதுதான் மிச்சம், ஒண்ணும் ஆப்புடல. சரி, முதலாளிட்ட நேருக்கு நேரே காட்டிருவோம்னு அவருக்கு வீடியோ கால் போட்டேன். வீட்ட முழுசாச் சுத்திக் காட்டுனேன். "பாத்துக்கிடுங்க முதலாளி, யாரும் இல்ல. இப்பம் மெயின அமத்துதேன். அஞ்சு நிமிசம் கழிச்சுப் போடுதேன். தானா எரியும் பாருங்க."

அமத்துனேன். அஞ்சு நிமிசத்த எண்ணுனேன். போட்டேன்.

ஒண்ணும் எரியல. ஒரு குண்டு பல்பு கூட. வீடு நல்ல பிள்ளை மாதிரி கம்முன்னு இருக்கு.

இன்னொரு தடவ அமத்திப் போட்டேன். ம்ஹூம்.

"தம்பி," முதலாளி மெதுவாத்தான் சொன்னாரு. "எரியலையே. அப்பம் அன்னைக்கு எரிஞ்சது யாரு கையால? மிசினு பொய் சொல்லாது. நீயும் அவளுக்குச் சாட்சி சொல்ல வந்துட்டியோ? ஆமா, அடுத்து கட்டுத ரெண்டு வீட்டுக்கும் நீதான் மாட்டணும்னு நெனச்சிட்டிருக்கேன் பாத்துக்கோ." வச்சிட்டாரு.

அக்கா மொகத்த நான் பாக்கல. பாத்திருந்தா இன்னும் நாலு நாள் சோறு எறங்கியிருக்காது. சமாளிக்கதுக்கு ஒண்ணு சொன்னேன். "அக்கா, நான் மூளப் பெட்டியவே மாத்திருதேன். இனிமே ஒண்ணும் எரியாது." மூளப் பெட்டின்னு நான் சொல்லுதது ஹால் அலமாரியில இருக்க ஒரு வெள்ளப் பெட்டி. எத எப்பம் போடணும், எத எப்பம் அமத்தணும்னு எல்லாச் சாமானுக்கும் அதுதான் உத்தரவு போடும்.

அக்கா என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாவ. "இனிமே எரியலன்னா என்ன சொல்லுவாவ? கையும் களவுமாப் புடிச்சதும் அடங்கிட்டா பாருன்னு சொல்லமாட்டாவளா?"

"ச்சே, அப்படியெல்லாம் நெனைக்கமாட்டாருக்கா," அப்படின்னுட்டு வண்டிய எடுத்திட்டேன். அந்தப் பேச்சு அப்பம் என் காதோட நின்னுட்டு.

மறுநா சனிக்கெழம, கூட்டாளி கட ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். உக்காந்திருக்கேன்னு பேரு. ரோட்டுல போய் நிக்கேன், டீ வாங்குதேன், குடிக்காம வைக்கேன், வந்து அவன் ஸ்குரூ டிரைவர எடுத்துச் சுத்துதேன்.

"ஏலே, ஒண்ணு வேல செய்யி, இல்ல எந்திரிச்சுப் போ. நீ காலாட்டுத ஆட்டத்துல நான் பிடிச்சிருக்க சாமான் டிஸ்பிளேயில ஒட்டமாட்டேங்கு."

"அஞ்சு நிமிசம் அமத்துனா எரியல, ரொம்ப நேரம் போனா எரியுது. ஏம்லே?"

"எங்கிட்ட ஏம்லே கேக்க? மாட்டுனது நீ. அந்தப் பெட்டிக்கு கரண்டு எங்க இருந்து வருது?"

அவன் சும்மா வாய்க்கு வந்ததக் கேட்டான். எனக்குப் பொடதியில ஒண்ணு வச்ச மாதிரி இருந்துச்சு. மூளப் பெட்டிக்கும் வைஃபை பெட்டிக்கும் தனியா ஒரு குட்டி பேட்டரி இருக்கு. அடிக்கடி நெட்டு போவுதுன்னு முதலாளி சடச்சதால, பால் காய்ச்சுன மறுவாரமே நான்தான் கொண்டு வச்சேன். கரண்டு போனாலும் ஒரு மணி நேரத்துக்குச் சொச்சம் தாங்கும். அப்பம் அஞ்சு நிமிசத்துல பெட்டி சாவவே இல்ல. இந்த வருசம் மாதிரி ரொம்ப நேரம் போனாத்தான் பேட்டரியும் தீந்து பெட்டி செத்துப் பொழைக்கும். அப்படிப் பொழைக்கும்போது என்ன செய்யுது?

போனத் தெறந்து, அந்தப் பெட்டிக்கு நான் எழுதி வச்சிருக்க உத்தரவையெல்லாம் ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிட்டே போனேன். சாயங்காலம் வாசல் லைட்டு. காலையில மோட்டாரு. கடேசியில, கண்ணுக்கே படாத எடத்துல, ஒண்ணு கெடக்கு. பேரு 'பந்தா'.

பேரு வச்சது நான்தான். பால் காய்ச்சுன அன்னைக்கு வச்சது. அன்னைக்கும் கரண்டு இல்ல. முதலாளியோட சொந்தமெல்லாம் ஹால் நெறையா நிக்கு, அவரு என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "தம்பி, கரண்டு வந்ததும் யாரும் கைவைக்காம வீடு முழுசும் தானாச் செகசோதியா எரியணும். எல்லாவனும் வாயப் பொளக்கணும்"னு சொன்னாரு. நானும் பெட்டிக்கு ஒரே வரியில உத்தரவு எழுதுனேன். முழிச்ச ஒடனே எல்லாத்தையும் போடு. கரண்டு வந்துச்சு, வீடு எரிஞ்சுது, எல்லாவனும் வாயப் பொளந்தான். எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கூடவே கெடச்சுது. தின்னுட்டு, உத்தரவ அழிக்க மறந்துட்டு வந்துட்டேன்.

ஆள் நடமாட்டமும் புரிஞ்சு போச்சு. ஃபேன் தானா ஓடும், ஜன்னல் திரை ஆடும். அந்தத் திரைக்குப் பக்கத்துலதான் நான் கண்ண ஒட்டியிருக்கேன். திரை ஆடுததப் பாத்துட்டு அது ஆளுன்னு சொல்லியிருக்கு. சாமான நானே மாட்டி, ஆளையும் நானே உண்டாக்கி, அக்காவ மாட்டிவிட்டுட்டேன்.

கூட்டாளி எட்டிப் பாத்தான். சிரிச்சான்னா சிரிச்சான், கடைக்கு வந்த ஆளு பயந்துட்டாரு. அப்புறம் குரல எறக்கிச் சொன்னான். "அழிச்சிரு. ஒரு அமுக்கு. யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டு வீட்டு வேல கையில இருக்கு, கெடுத்துக்கிடாத."

வெரலக் கொண்டு போயிட்டேன். அழிக்கவான்னு அதுவும் கேட்டுச்சு. அப்பந்தான் அக்கா சொன்னது காதுல இருந்து உள்ள எறங்குச்சு. இத அழிச்சா நாளையில இருந்து வீடு நிம்மதியாத் தூங்கும். புடிச்சதும் அவ அடங்கிட்டான்னு முதலாளி நெனப்பாரு. நான் சரி பண்ணுததே அக்கா மேல முத்திர குத்துத மாதிரி. அழிக்கல. அழிக்கலன்னு பெருமைக்குச் சொல்லல, அன்னைக்கு ராத்திரிக்குள்ள இன்னும் ரெண்டு தடவ அந்த எடத்துக்கு வெரல் போயிட்டு வந்துச்சு.

ஞாயித்துக்கெழம காலையில நான் போறதுக்கு முன்னாலயே மச்சான் கடையத்துல இருந்து வந்து நிக்காவ. போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவிய. மீச அப்படியே வேலையிலதான் இருக்கு. கையில ஒரு பை, அதுல துண்டும் நல்லெண்ணெ பாட்டிலும். சாவிய வாங்கிட்டு அப்படியே அருவியில ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போலாம்னு திட்டம். அக்கா சாவிய நீட்டிக்கிட்டு நிக்காவ. மக பின்னால ரூம்பு வாசல்ல புஸ்தகத்த வச்சிக்கிட்டு எங்களையே பாக்கா.

"அண்ணாச்சி, சாவிய வாங்குங்க. ஆனா ஒரு ஒன்ற மணி நேரம் இருந்து ஒண்ணு பாத்துட்டுப் போங்க."

"நீ யாருலே?"

"இந்த வீட்டுல கரண்டு சாமான் மாட்டுனவன்."

"எத்தனாவது படிச்சிருக்க?"

"பத்து. ரெண்டு தடவ."

மீச கொஞ்சம் ஆடுச்சு. சிரிப்பா கோவமான்னு தெரியல. வீட்ட அவியளையே முழுசாப் பாக்கச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாவ, கக்கூஸுக்குள்ள பாத்தாவ. அவிய கையாலயே பூட்டி, சாவிய சட்டப் பையில போட்டுக்கிட்டாவ. நான் வெளிய மீட்டர் பொட்டியில மெயின அமத்துனேன். மூணு பேரும் கார் நிறுத்துத எடத்துல பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்தோம். சாரல் பொசபொசன்னு முழங்கால நனைக்கு.

அந்த ஒன்ற மணி நேரம் மாதிரி என் ஆயுசுல ஒண்ணு இல்ல. பரீட்சையில கூட அர மணி நேரத்துல எந்திரிச்சு வந்திருவேன். இங்கன எந்திரிச்சு ஓட முடியாது. பேட்டரி தீந்துச்சான்னு பாக்கவும் வழியில்ல. ஒருவேள இன்னைக்குன்னு பாத்து எரியலன்னா? அந்த வீட்டுக்கு எப்பமும் என்னைய அவமானப்படுத்துததுதான வேல. எந்திரிச்சேன், வண்டியத் தொடச்சேன், உக்காந்தேன், திரும்பவும் வண்டியத் தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க சாரல் நனைக்கு.

"ஏலே, திருட்டு வண்டியா? அந்தத் தொட தொடைக்க," மச்சான் கேட்டாவ. அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "இங்க பாரும்மா, யாராவது வந்திருந்தா வந்தான்னு சொல்லிரு. ஒண்ணும் செய்யமாட்டேன். பேசி விட்டுருதேன்."

அக்கா மழையப் பாத்துக்கிட்டே சொன்னாவ. "நீங்க விட்டாலும் நான் வந்தான்னு சொல்லமாட்டேன். வரல."

ஒன்ற மணி நேரத்துக்கு மேல பத்து நிமிசம் போவட்டும்னு இருந்து மெயினப் போட்டேன்.

ஒண்ணும் இல்ல. ஒரு நிமிசம். மச்சான் துண்ட எடுத்துத் தோள்ல போட்டாவ. நான் மெயினு சரியா ஏறியிருக்கான்னு திரும்பவும் பாத்தேன். ரெண்டு நிமிசம். அப்பம் ஜன்னல் கண்ணாடிக்குள்ள ஹால் லைட்டு பளிச்சுன்னு வந்துச்சு. அடுத்தால மேல ரூம்பு, அடுத்தால படிக்கட்டு. ஃபேன் சுத்தத் தொடங்கி, திரை எந்திரிச்சு ஆடுச்சு பாருங்க, எனக்கே உள்ள ஆளு நடக்கது மாதிரிதான் இருந்துச்சு.

மச்சான் போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டாவ. முதலாளி கத்துதாரு. "மச்சான், போய்ச் சேந்தேளா? ஓடிப் போயிப் புடிங்க, இப்பம் உள்ள ஆளு இருக்கு! ஹீட்டரையும் போட்டாச்சு!"

"நான் வாசல்லதான் நிக்கேன். வீட்டப் பூட்டுனதே நான்தான். சாவி என் பையில இருக்கு. அந்தப் பொம்பள என் எதுக்க உக்காந்திருக்கு. உள்ள ஒரு ஈ கெடையாது."

நான் போன வாங்குனேன். வாங்கும்போதே ரெண்டு வீட்டு வேலையும் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு. சொன்னேன். பால் காய்ச்சுன அன்னைக்கு அவரு கேட்டது, நான் எழுதுனது, அழிக்க மறந்தது, எல்லாத்தையும். பேரு பந்தான்னு வச்சத மட்டும் சொல்லல.

"நான் அன்னைக்கு ஒரு நாளைக்குத்தானலே கேட்டேன்!"

"ஆமா முதலாளி. தப்பு என் மேலதான்."

"சரி, அத அழி. அந்த ரெண்டு வீட்டுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன். மச்சான், சாவிய அவகிட்டயே குடுத்திருங்க. சொல்லிருங்க, ஒண்ணும் இல்லன்னு." அக்காட்டப் போனக் குடுன்னு கடைசி வரைக்கும் கேக்கல.

மச்சான் சாவிய எடுத்து அக்கா கையில குடுத்தாவ. "ஒண்ணும் இல்லம்மா." அக்கா வாங்கிக் கதவத் தெறந்து, உள்ள போயி ஒவ்வொரு லைட்டையும் கையாலயே அமத்துனாவ. அப்புறம் மச்சான் கட்டிலுக்கடியில பாக்க நடந்த செருப்புத் தடத்தத் தொடைக்க ஆரம்பிச்சாவ. மச்சான் எண்ணெ பாட்டிலோட அருவிக்குப் போயிட்டாவ. நான் பந்தாவ அழிச்சேன், கண்ணத் திரைய விட்டு எடுத்து வேற மூலையில ஒட்டுனேன்.

"என்னக்கா, இனிமே வெந்நி போட யாரும் வரமாட்டா," அப்படின்னேன்.

அக்கா நிமிரல. "காலத் தூக்கு. அங்கன தொடைக்கணும்," அப்படின்னாவ.

வெளிய வந்து சாரல்லயே நின்னு கூட்டாளிக்கு நடந்தத எல்லாத்தையும் வாய்ஸ்ல பேசி அனுப்புனேன். மச்சான் மீசையில இருந்து முதலாளி கத்துனது வரைக்கும் நடிச்சே காட்டுனேன். ரெண்டு வீட்டு வேலையும் போனதச் சொன்னேன். கடேசியில, நாந்தான் தப்பு பண்ணேன்னு முதலாளிட்ட நானே வாயத் தெறந்து சொல்லிட்டேன் பாத்தியாலேன்னு கொஞ்சம் பெருமையாவும் கேட்டு வச்சேன். முழுசாக் கேட்டுட்டு அவன் ஒரே வரியில பதில் போட்டான்:

"அதெல்லாம் இருக்கட்டும்லே, அந்த அக்காட்ட மன்னிப்பு கேட்டியா?"